அரை நூல்

2024 ஆகஸ்ட் முதல் வாரம். ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க இரண்டு வாரம் அனுமதி வாங்கிக்கொண்டு தேவதானம் வந்திருந்தேன். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சேத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்களுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைத் தெரிந்திருக்கும், சாஸ்தா கோயில் ஆற்றில் குளித்திருப்பார்கள். எங்கள் தெருவைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய ஆட்டுக் கொட்டகை. அதில் சாக்குப் போட்டு மூடிய ஒரு இரும்புச் சாமான் என் நினைவு தெரிந்த நாளிலிருந்து நிற்கிறது. தாத்தாவின் செருப்பு தைக்கிற மிஷின். அன்றைக்கு அப்பா சொன்னார், "பழைய இரும்புக்காரன் வந்து கேட்டுட்டுப் போனான். எடைக்குப் போட்டுறலாம்னு இருக்கேன்." நான் பதில் பேசாமல் போய்ச் சாக்கை விலக்கினேன். கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைக் கொடுத்துத் தள்ளியபோது ஒரு விரற்கடை நகர்ந்தது.

முற்றிலும் சிக்கிக்கொண்ட மிஷினும் இறுகிப்போன மிஷினும் வேறு வேறு. சிக்கியதில் ஏதோ ஒன்று குறுக்கே கிடக்கிறது. இறுகியதில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மறுக்கிறது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னவர் ராஜபாளையத்தில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர். போனில் படம் அனுப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வீல் ஒரு சுத்து பூரா ஒரே மாதிரி டைட்டா, இல்ல ஒரு எடத்துல மட்டும் பிடிக்குதா?" நான் பத்து வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். பிழை எப்போதும் வருகிறதா, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வருகிறதா என்பதுதான் நாங்களும் முதலில் கேட்கும் கேள்வி. அண்ணாச்சி மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது.

மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். சாதாரணத் தையல் மிஷினில் துணியை வைக்க ஒரு தட்டையான மேசை இருக்கும், அடியிலிருக்கும் பற்கள் துணியை நகர்த்தும். இதில் மேசையே கிடையாது. பாம்புத் தலைபோல நீண்டு ஒடுங்கிய ஒரு இரும்புக் கை மட்டும். செருப்பையோ பூட்ஸையோ அந்தக் கையின் மேல் காலுறையை மாட்டுவதுபோல மாட்டிவிடலாம். நகர்த்தும் வேலையை மேலே இருக்கிற கால் செய்கிறது. அந்தக் காலை எந்தப் பக்கமும் திருப்பலாம், முழு வட்டம் சுற்றும். பூட்ஸின் நுனிவிரல் பகுதிக்குள் ஒரு ஒட்டுப்போட வேண்டும் என்றால் பூட்ஸைத் திருப்ப முடியாது அல்லவா, அதனால் தையலின் திசையையே திருப்புகிறார்கள். புதிதாகச் செருப்பு செய்வதற்கு இப்படி ஒரு மிஷின் தேவையே இல்லை. கிழிந்ததைத் தைக்கிறவருக்காக மட்டுமே யோசித்துச் செய்த மிஷின் இது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'பேட்சர்', ஒட்டுப்போடுவது.

தாத்தாவுடையது சிங்கர் 29கே வகை. 'கே' என்பது கில்போவி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885-ல் திறந்த சிங்கர் ஆலையின் பெயர் அது. உடம்பில் பொறித்திருந்த வரிசை எண் ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்து. அந்த வரிசை 1930-களின் நடுவில் தொடங்கியது. ஆகவே தாத்தாவின் மிஷின், உலகத்திலேயே பெரிய தையல் மிஷின் ஆலை என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து புறப்பட்டு, எந்தெந்தக் கைகள் வழியாகவோ மதுரை வந்து, அங்கே பழசாக விலைக்கு நின்று, தேவதானம் சேர்ந்திருக்கிறது.

அந்த ஆலையைப் பற்றி வாசிக்க வாசிக்க மிஷினை எடைக்குப் போடும் எண்ணம் எனக்கு விலகிக்கொண்டே போனது. 1911 மார்ச்சில் அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் ஆளைக் குறைத்து, மிச்சமிருந்த பெண்களின் தலையில் கூடுதல் வேலையை ஏற்றினார்கள். பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் ஏறத்தாழ 11,000 பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஏப்ரலில் வேலைநிறுத்தம் தோற்றது, முன்னணியில் நின்றவர்கள் வேலை இழந்தார்கள். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவுகள் கிளைட்பேங்கைக் குண்டு போட்டு நொறுக்கின, ஆலையின் மரக்கிடங்கு எரிந்தது. 1980-ல் ஆலை மூடப்பட்டது. என் கையில் ஒட்டிய கறுப்புப் பிசினுக்கு அடியில் அந்த ஊரின் வார்ப்பிரும்பு இருந்தது.

பிசின் என்றேனே, அதுதான் முதல் குற்றவாளி. அண்ணாச்சி சொன்னபடி பெல்ட்டைக் கழற்றினேன். மிதிகட்டை தனியாக நன்றாகவே ஆடியது, ஆக நோய் தலையில். ஊசியைக் கழற்றினேன், காலைத் தூக்கி விட்டேன், படகு மாதிரி இருக்கும் சின்ன ஷட்டிலை எடுத்தேன். ஒவ்வொன்றையும் கழற்றியபின் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இது நாங்கள் செய்யும் 'கிட் பைசெக்ட்'தான், சந்தேகத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது. ஷட்டில் ஓடும் குழிக்குள் நூல் துண்டு ஒன்று சுருண்டு, தோல் தூளும் மெழுகும் சேர்ந்து, காய்ந்த கருப்பட்டிப் பாகுபோல இறுகிக் கிடந்தது. அதைக் குத்தூசி முனையால் கிளறி எடுத்தேன். சக்கரம் கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

இந்த மிஷினில் ஷட்டிலை ஆட்டுவது, நீண்ட இரும்புக் கைக்குள் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பல்சட்டம். அதன் நுனி ஒரு சின்னப் பல்சக்கரத்தைத் திருப்பும், அது ஷட்டிலை முன்னும் பின்னும் அசைக்கும். அந்தக் குழல் முழுக்க அடைப்பு. என்ன எண்ணெய் விட்டார் என்று அவ்வாவைக் கேட்டேன்.

"வேற என்ன, வெளக்குக்கு வாங்குற நல்லெண்ணெய்தான். மிஷின் ஆயிலுக்கு ராசபாளையம் போகணும்ல?"

நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் மெல்ல மெல்லப் பிசுபிசுத்து, கடைசியில் அரக்குபோல ஆகிவிடும் சாதி. சமையல்கட்டில் எண்ணெய்க் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 19-ம் நூற்றாண்டில் தையல் மிஷின்களுக்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயை விட்டார்கள், அது சுலபத்தில் பிசினாகாது என்பதற்காக. ஒரு சட்டை தைக்க ஒரு திமிங்கிலம் சாக வேண்டியிருந்தது என்று சொன்னால் மிகை. பிறகு கனிம எண்ணெய் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. தேவதானத்தில் அது வாங்க பஸ் ஏற வேண்டியிருந்தது.

கையின் இடுக்குகளில் மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் சக்கரத்தை முன்னே பின்னே அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று ஆட்டுவது. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துதான் போகும். "அவசரப்பட்டு சுத்தியல எடுத்தீங்கன்னா அதோட முடிஞ்சது" என்று அண்ணாச்சி இரண்டு முறை எச்சரித்தார். மூன்று நாள் இப்படிப் போனது. கறுப்பாக வழிந்ததைத் துடைப்பேன், மீட்டிங்குக்குப் போவேன், வந்து மறுபடி விடுவேன்.

அந்த மூன்று நாளில்தான் அவ்வா பேசினார். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு, நான் தமிழில் எழுதுகிறேன். நாங்கள் அருந்ததியர். தாத்தாவின் அப்பா செருப்பு தைத்ததைவிட அதிகமாகச் செய்த வேலை கமலைத் தோல் வேலை என்று அவ்வா சொன்னபோது எனக்குப் புதிதாக இருந்தது.

கமலை இறைப்பைப் பார்த்திராதவர்களுக்கு: கிணற்று மேட்டில் சரிவான பாதை, அதில் ஒரு ஜோடி மாடு. மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிறு கூனையை மேலே இழுக்கும். கூனையின் அடியில் யானைத் தும்பிக்கைபோல ஒரு தோல் வால் தைத்திருக்கும். அதன் நுனியை இன்னொரு மெல்லிய கயிறு பிடித்திருக்கும். மேலே வந்ததும் வால் நீண்டு, தண்ணீர் தானாகத் தொட்டியில் கொட்டும், யாரும் கூனையைக் கவிழ்க்க வேண்டாம். ஆக நஞ்சைக்கும் தோட்டத்துக்கும் பாய்ந்த கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் எங்கள் ஆட்கள் தைத்த தோல் வழியாகத்தான் வந்திருக்கிறது. தண்ணீர் தோல் வழியாக வரலாம், தோலைத் தைத்தவன் அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது. இதை அவ்வா கோபமாகச் சொல்லவில்லை, வெயில் அடித்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் எழுந்து வெளியே போனேன்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் பட்டைச்சாறு கரைந்து வெளியேறிவிடும், தோல் ஊறி அழுகும். அதனால் கமலைத் தோலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்ட ஒரு இன்ஜினியர் இருந்தார். ஆல்பிரட் சாட்டர்டன், சென்னையில் இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியராக வந்தவர், பின்பு கலைப்பள்ளியின் பொறுப்பாளர். 1903 வாக்கில் அவர் குரோம் உப்பில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். குரோம் தோல் தண்ணீருக்கு அசராது. அவர் செய்துபார்த்தவற்றில் செருப்பும் பூட்ஸும் உண்டு, கமலைத் தோலும் உண்டு. ஐரோப்பிய வியாபாரிகள் அரசு தங்களோடு போட்டி போடுவதாக எதிர்த்தார்கள். 1910-ல் இந்திய விவகாரச் செயலர் மோர்லி பிரபு, அரசு தொழில் நடத்தக் கூடாது என்று லண்டனிலிருந்து எழுதினார். அரசின் தோல் ஆலை கைமாறியது. சாட்டர்டன் மீது எனக்கு ஒரு இன்ஜினியருக்கு இன்ஜினியர் மேல் வருகிற பிரியம் உண்டு. ஆனால் அவர் தோலைத்தான் மேம்படுத்தப் பார்த்தார், தைப்பவனின் கையில் என்ன இருந்தது என்பது அவர் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சந்தேகம்.

எப்படியும் கமலையை ஒழித்தது குரோம் அல்ல, மின்சாரம். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் ஊராகக் கம்பி வந்தது, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்கியது. எங்கள் பக்கத்தில் கமலை மேடுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மாடுகளை விற்றார்கள். தோல் வாலுக்கு நெல் அளந்து கூலி வாங்கியவர்களுக்கு அந்தக் கூலி நின்றது. பம்ப்செட் வந்ததைப் பற்றி எழுதும் யாரும் இந்தக் கணக்கைச் சேர்த்து நான் பார்த்ததில்லை.

தாத்தா அப்போது இளவட்டம். ராஜபாளையத்தில் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லும் அதைத் தொடர்ந்து வந்த மில்களும் ஊரையே மாற்றிக்கொண்டிருந்தன. மில்லுக்குப் போகிறவர்கள் செருப்புப் போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பை மாட்டினார்கள். அறுந்தது தைக்க ஆள் வேண்டும். அவ்வாவின் தண்டட்டியை விற்றுத் தாத்தா மிஷின் வாங்கினார்.

"பாதிப் பணம் அப்புறம் தரேன்னு கேட்டாராம். ஒங்க ஊருல யாரு சாமி ஜாமீன்னு கேட்டானாம் கடைக்காரன்."

இங்கேதான் சரித்திரம் கொஞ்சம் நக்கல் செய்கிறது. உலகத்துக்குத் தவணை முறையில் பொருள் விற்கக் கற்றுக்கொடுத்ததே சிங்கர் கம்பெனிதான், 1856-லிருந்து. கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாதாமாதம். மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தா வீட்டுக்கு அந்த வழியில்தான் மிஷின் வந்தது. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு, ஜாமீன் சொல்ல ஆள் இல்லாதவருக்கு, காதிலிருந்து கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதே சிங்கரைத்தான் காந்தி 1924-ல் மெச்சினார். எந்திரங்களை எதிர்த்தவரிடம் அப்படியானால் எந்த எந்திரமுமே கூடாதா என்று கேட்டபோது, தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தவிப்பதைப் பார்த்து அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். ஐசக் சிங்கருக்குப் பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அவருடைய அன்பைப் பற்றி வேறு அபிப்பிராயங்களும் உண்டு. 1851-ல் அவர் காப்புரிமை வாங்கியபோது முக்கியமான பல யோசனைகள் எலியாஸ் ஹோவ் 1846-லேயே பதிந்தவை என்று வழக்காகி, பணமும் கட்டினார். போகட்டும். காந்தி தென்னாப்பிரிக்காவில் தானே செருப்புத் தைத்தவர், ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி கொடுத்தார், ஸ்மட்ஸ் அதை 1939-ல் மரியாதையோடு திருப்பி அனுப்பினார். அந்த ஜோடியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுகின்றன. தாத்தா தைத்த ஆயிரக்கணக்கான ஜோடிகள் தேய்ந்து போயின, செருப்பு அதற்குத்தானே.

நாலாம் நாள் காலையில் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியது. அண்ணாச்சிக்கு வீடியோ அனுப்பினேன். அவர் காதால்தான் பார்த்தார். "ஒரு எடத்துல பிடிக்குது தம்பி. சத்தம் மாறுது கேளுங்க." கேட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், பல்சட்டம் கடைசிவரை போய்த் திரும்புகிற இடத்தில், ஒரு உரசல். பொதுவான இறுக்கம் போனபின் அதற்கு அடியில் ஒளிந்திருந்த தனி இறுக்கம் தெரிந்தது. எங்கள் வேலையிலும் இப்படித்தான், பெரிய பிழையைத் தீர்த்ததும் அதன் நிழலில் இருந்த சின்னது எழுந்து உட்காரும்.

டார்ச் அடித்துத் தேடினேன். கையின் பக்கவாட்டில் ஒரு மூடித்தகடு, அதைப் பிடிக்கும் திருகுகளில் ஒன்று மட்டும் நிறம் வேறு. தலையின் வெட்டுக்கோடு கோணலாக இருந்தது. சிங்கரின் திருகுப் புரிகள் அவர்களுக்கே உரிய அளவு, கடையில் கிடைக்கிற திருகு எதுவும் ஏறாது. தொலைந்த திருகுக்குப் பதிலாகத் தாத்தா ஏதோ லேத் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கியிருக்கிறார். கழற்றி மற்ற திருகுகளோடு வைத்துப் பார்த்தேன். அரை நூல் நீளம். பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி. அந்த அரை நூல்தான் உள்ளே நீட்டிக்கொண்டு பல்சட்டத்தை உரசியது. திருகின் முனையில் பளபளவென்று ஒரு தேய்மானம்.

அப்படியானால் தாத்தா எப்படி அத்தனை வருடம் தைத்தார்? அரத்தை எடுத்து முனையை ராவப் போனேன். அப்போதுதான் தகட்டில் திருகு உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தோல். திருகு நீளம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை பட்டறைக்குக் காசு கொடுக்காமல், ஒரு துண்டுத் தோலை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருக்கிறார். முப்பது வருடம் சும்மா கிடந்ததில் தோல் காய்ந்து பொடிந்து, அடுத்து யாரோ தகட்டை இறுக்கியபோது திருகு உள்ளே இறங்கிவிட்டது.

அரத்தைக் கீழே வைத்தேன். தோல் துண்டு வேண்டும். அப்பாவிடம் கேட்டேன்.

அப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் அவரைத் தாத்தாவின் தொழில் பெயரைச் சொல்லித்தான் வாத்தியார் கூப்பிட்டார், சக பையன்கள் கூப்பிட்டதை எழுத முடியாது. மிஷினைச் சாக்குப் போட்டு மூடியது அவர்தான். அதைப் பழுதுபார்ப்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, ஒரு 'விண்டேஜ்' சாமான், பெங்களூரில் நண்பர்களுக்குக் காட்டலாம். நான் இப்படி ரசிப்பதற்கான தூரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். தமிழக அரசு 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது, 2010-ல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன், எங்கள் தெருவில் முதல் ஆள். நான் மிஷினுக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அதே வாரம், ஆகஸ்ட் 1 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அப்படி உள் ஒதுக்கீடு கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அப்பா செய்தியை டிவியில் இரண்டு முறை பார்த்தார். மிஷின் பக்கம் மட்டும் வரவில்லை.

தோல் துண்டு கேட்டதும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். உள்ளே போய் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். குத்தூசி, மெழுகு உருண்டை, வளைந்த கத்தி, பழுப்பேறிய வெட்டுத் தோல்கள். அவர் இதையெல்லாம் எறியவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்தேன். "அது தப்பு" என்று வாங்கிக்கொண்டார். தோலை மரக்கட்டையில் வைத்து, ஒரு பழைய நட்டை மேலே அழுத்தி அச்சு எடுத்து, கத்தியைச் சுழற்றினார். நடுவில் குத்தூசியால் ஒரு திருப்பு. மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. வாஷரைப் போட்டுத் திருகை இறுக்கியதும் சக்கரம் சுற்றியது, அந்த இடத்தில் சத்தம் இல்லை.

மிஷின் ஆயில் விட்டு, நூல் கோத்து, என் லேப்டாப் பையின் அறுந்த வாரை இரும்புக் கையில் மாட்டினேன். தையல் விழுந்தது. நாலு தையல் நீளம், ஐந்தாவது குட்டை, மறுபடி நாலு நீளம். அண்ணாச்சியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன்.

"அந்த நெம்புகோல் உருளை தேஞ்சிருக்கும்" என்றார் அப்பா, வாசல் பக்கம் பார்த்தபடி. "அப்பவே அப்படித்தான். இடது கையால தோலை லேசா இழுத்துக் குடுக்கணும். ரொம்ப இல்ல, லேசா."

நான் மிதித்தேன். அவர் இழுத்துக் கொடுத்தார்.